வண்டி வந்துவிட்டது, கேபிள் வரவில்லை

இங்கிலாந்தில் ஓர் இளைஞர் பழைய பாணியில், கையைக் கடிக்காத விலையில், நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்று தேடிப் போனால், கடைக்காரர் காட்டும் வண்டிகளில் ஒன்று சென்னைக்கு அருகே ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ தயாரானதாக இருக்கும். ராயல் என்ஃபீல்டு அங்கே இறக்குமதிச் சரக்கு. 2022இல் அதே ஆசையோடு ஹைதராபாத்திலோ தில்லியிலோ ஒருவர் கடைக்குப் போயிருந்தால், அவர் கண்ணில் பட்ட புதிய பெயர் கீவே. ஹங்கேரியில் பிறந்த பெயர்; உரிமையாளர் சீனாவின் வென்லிங் நகரத்து சியான்ஜியாங் கம்பெனி. ஆங்கிலேயர் இந்திய வண்டியிலும் இந்தியர் சீன வண்டியிலும் 1960களின் ஐரோப்பாவைத் தேடுகிறார்கள். உலகச் சந்தையின் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். முதல் சம்பளத்தில் சேர்த்த பணத்தையோ வங்கிக் கடனையோ இப்படி ஒரு வண்டியில் போடுகிறவருக்கு இது வேடிக்கை அல்ல. சிறிய, மலிவான, பழைய பாணி இறக்குமதி பைக்குகள் இந்தியாவுக்கு வருவதும் போவதுமாக இருக்கின்றன. ஏன் நிலைப்பதில்லை என்று கேட்டால் 'வரி' என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை.

முதலில், இந்தப் பழைய பாணி ஏன் இவ்வளவு பரவியது? வட்ட முகவிளக்கு, கண்ணீர்த்துளி வடிவ டாங்க், தட்டையான நீள சீட், கம்பிச் சக்கரம், காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின். கண்ணுக்கு இதமான இந்த வடிவத்தில் தயாரிப்பாளருக்கும் ஒரு லாபம் உண்டு. பந்தய பைக்குகளைப் போல உடம்பெல்லாம் பிளாஸ்டிக் கவசம் வேண்டாம். பல ஆண்டுகளாகச் சோதித்துத் தேறிய எளிய இன்ஜின் போதும். சிறு கம்பெனியும் பெயர், வண்ணம், சீட் ஆகியவற்றை மாற்றித் தன் வண்டி என்று விற்க முடியும்.

பிரிட்டனில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. காரணம் அங்குள்ள லைசென்ஸ் சட்டம். 17 வயது நிரம்பியவர், 1990இல் வந்த கட்டாய அடிப்படைப் பயிற்சியை முடித்தால், 'எல்' பலகை மாட்டிக்கொண்டு 125 சி.சி. வரையிலான வண்டியை ஓட்டலாம். இன்ஜின் சக்தி 11 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். பெரிய வண்டிக்கு வேறு தேர்வுகள் எழுத வேண்டும். ஆக, 125 சி.சி.க்கு மேல் போக முடியாத, ஆனால் அழகான வண்டி வேண்டும் என்கிற ஒரு கூட்டம் எப்போதும் தயார். அந்தக் கூட்டத்துக்காகவே பர்மிங்ஹாமின் 'மட்' போன்ற கம்பெனிகள் சீனாவில் செய்த வண்டிகளுக்குப் பழைய வடிவம் கொடுத்து விற்கின்றன. ஒரு காலத்தில் வுல்வர்ஹாம்ப்டனில் பந்தய வண்டிகள் செய்த ஏ.ஜே.எஸ். என்ற புகழ்பெற்ற பெயரே இன்று இறக்குமதியான சிறு வண்டிகளின் டாங்க்கில் ஒட்டியிருக்கிறது.

அங்கே இந்த வியாபாரத்தைத் தாங்கும் தூண் ஒன்று இருக்கிறது. இந்த வண்டிகளில் பலவற்றின் இன்ஜின், சுஸுகி 1980களில் கொண்டுவந்த ஜிஎன்125 மாடலின் வழிவந்தது. பெயர்கள் பல, உள்ளே இருக்கும் பிஸ்டன் ஏறக்குறைய ஒன்று. ஒரு கம்பெனி மூடினாலும் அதன் வண்டிக்குப் பொருந்தும் பாகம் வேறு கடையில் கிடைக்க வாய்ப்பு உண்டு. இந்தச் சிறு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதை இங்கேதான் பிரிகிறது.

இந்தியாவில் 2001 ஏப்ரல் வரை, நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டு மோட்டார் சைக்கிளை வியாபாரமாகக் கொண்டுவருவது நடக்காத காரியம். கட்டுப்பாடு போனதும் வரி வேலியாக நின்றது. வேலிக்குள் ஒரு திட்டிவாசலும் இருந்தது. முழு வண்டியாகக் கொண்டுவராமல் பாகங்களாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி குறைவு. அதன் வழியாகத்தான் சிறு கம்பெனிகள் நுழைந்தன.

கொரியாவின் ஹையோசங் 2000களின் தொடக்கத்தில் கைனடிக் மூலம் வந்தது. அதன் அக்விலா 250, நீள உடம்பு கொண்ட பழைய அமெரிக்கப் பாணி வண்டி. பிறகு கார்வேர், பிறகு டி.எஸ்.கே. என்று கை மாறி, 2018இல் மீண்டும் கைனடிக் குடும்பத்தின் மோட்டோராயலுக்கே வந்து சேர்ந்தது. 2016இல் அமெரிக்கப் பெயரோடு யூ.எம். வந்தது. லோஹியாவுடன் கூட்டு, உத்தராகண்டின் காசிப்பூரில் தொழிற்சாலை. சில ஆண்டுகளில் கடை மூடியது. 2018இல் ஓஹயோ மாநிலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு கிளீவ்லேண்ட் வந்தது. அதன் பழைய பாணி 'ஏஸ்' இரண்டேகால் லட்சத்தை ஒட்டிய விலையில் அறிமுகமானது. அதே ஆண்டு இத்தாலியின் எஃப்.பி. மாண்டியல் வந்தது. பெயரில் 300, இன்ஜின் 250 சி.சி.; விலை மூன்று லட்சத்துக்கு மேல். இவற்றில் எதையாவது உங்கள் தெருவில் பார்த்த நினைவு இருக்கிறதா?

1911இல் இத்தாலியின் பெசாரோவில் தொடங்கிய பெனெல்லி, 2005 முதல் சியான்ஜியாங்குக்குச் சொந்தம். இந்தியாவில் அதை முதலில் விற்ற டி.எஸ்.கே. குழுமம் 2018இல் பண நெருக்கடியில் சிக்கியதும், விற்பனை ஹைதராபாத்தின் மகாவீர் குழுமத்துக்குப் போனது. 2019 அக்டோபரில் இம்பீரியேல் 400 என்ற அழகான வண்டி ரூ. 1.69 லட்சத்துக்கு வந்தது. புல்லட்டுக்குப் போட்டி என்று பேசப்பட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி அமலுக்கு வர, அதே ஆண்டு புதிய இன்ஜினோடு வந்தபோது விலை ரூ. 1.99 லட்சம் ஆகியிருந்தது. ஒரே தாவலில் 30 ஆயிரம்.

கீவே எஸ்.ஆர்.125 வண்டியும் அதே குழுமத்தின் கடைகள் வழியாகத்தான் 2022 அக்டோபரில் வந்தது. விலை ரூ. 1.19 லட்சம். இறக்குமதி வண்டிக்கு இது மலிவுதான். ஆனால் வாங்குகிறவர் அந்த விலையைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. அன்றாட வேலைக்கு ஸ்ப்ளெண்டர் முக்கால் லட்சத்தை ஒட்டிக் கிடைத்தது. இன்னொரு 31 ஆயிரம் போட்டால், இரண்டு மாதம் முன்பு 2022 ஆகஸ்டில் வந்த ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 கிடைத்தது; ஆரம்ப விலை ரூ. 1.50 லட்சம். 125 சி.சி. எங்கே, 349 சி.சி. எங்கே? கடன் வாங்கி வாங்குகிறவருக்கு 31 ஆயிரம் என்பது மாதத் தவணையில் சில நூறு ரூபாய். பிரிட்டனில் லைசென்ஸ் சட்டம் 125ஐக் காப்பாற்றுகிறது. இங்கே லைசென்ஸ் எடுத்த யாரும் 350 ஓட்டலாம். ஆகவே இங்கே சிறிய ரெட்ரோ வண்டிக்கு மேலே ஹண்டர், கீழே ஸ்ப்ளெண்டர். நடுவில் மூச்சு விட இடமில்லை.

வரிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2025 பட்ஜெட்டில், 1600 சி.சி. வரையிலான முழு வண்டிக்குச் சுங்க வரி 50 சதவீதத்திலிருந்து 40 ஆனது. பாகங்களாகப் பிரித்து வந்தால் 15 சதவீதம் 10 ஆனது. இன்ஜினோ கியர்பாக்ஸோ முன்கூட்டியே பூட்டப்பட்டு வந்தால் 25 சதவீதம் 20 ஆனது. கணக்குக்காகத் துறைமுகத்தில் 60 ஆயிரம் ரூபாய்க்கு வந்து இறங்கும் 125 சி.சி. வண்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முழு வண்டியாக வந்தால் சுங்கம் 24 ஆயிரம். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 99,120 ரூபாய். பிரித்து வந்தால் 77,880. மற்ற மேல்வரிகள், பூட்டும் கூலி, இறக்குமதியாளர் லாபம், டீலர் லாபம், பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல். பிரித்துக் கொண்டுவந்தால்கூட உள்ளூர்ப் போட்டியாளரோடு விலையில் மோத முடியாது. வரி ஒரு காரணம் என்பது இந்த அளவில் சரி.

மீதிப் பாதி உதிரி பாகம்.

புல்லட்டே ஒரு காலத்தில் இறக்குமதி வண்டிதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டும் சேர்ந்து கம்பெனி தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்து இறங்கின; திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் வண்டி முழுவதும் இங்கேயே தயாரானது. இங்கிலாந்தின் தொழிற்சாலைகள் 1970 வாக்கில் மூடியும் புல்லட் அநாதையாகவில்லை. 1977இல் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது. செக்கோஸ்லோவேகியாவின் ஜாவாவும் அப்படித்தான். மைசூரில் 1961இல் ஐடியல் ஜாவா உற்பத்தியைத் தொடங்கியது. பின்னால் யெஸ்டி என்று பெயர் மாறியது. 1996இல் கம்பெனி மூடியும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. புதுப்பேட்டையும், தில்லி கரோல் பாக்கும், பெங்களூர் ஜே.சி. ரோடும், கல்கத்தா மல்லிக் பஜாரும் அவற்றைச் சாக விடவில்லை.

எப்படி முடிந்தது? அந்த வண்டிகள் உண்மையிலேயே எளியவை. கார்புரேட்டர், பாயின்ட், காயில். உடைந்ததை லேத்தில் கடைந்துவிடலாம். தேய்ந்ததை வெல்டிங் வைத்து நிமிர்த்திவிடலாம். மரத்தடி மெக்கானிக்குக்குக் காது கேட்டால் போதும், நோய் புரிந்துவிடும்.

இன்றைய ரெட்ரோ வண்டி அப்படியல்ல. பார்ப்பதற்கு 1960, உள்ளே 2020. புகை விதிக்காகக் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதற்கு ஒரு கணினிப் பெட்டி, அரை டஜன் சென்சார்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். இவற்றை லேத்தில் கடைய முடியாது. பழைய உருவம் 'எங்கேயும் பழுது பார்க்கலாம்' என்ற நம்பிக்கையைச் சொல்லாமல் சொல்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது கம்பெனியின் கிடங்கில் இருக்கும் உதிரி பாகம் மட்டுமே. சென்சார் ஒன்று போனால் புதுப்பேட்டை கையை விரித்துவிடும்.

இந்த இடத்தில்தான் தொழிற்சாலை வைத்திருப்பவருக்கும் இறக்குமதியாளருக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. தொழிற்சாலை வைத்திருப்பவர் தினமும் கிளட்ச் கேபிள் செய்விக்கிறார். சப்ளையர் அதே ஊரில் இருக்கிறார். இறக்குமதியாளர் கப்பலுக்குக் காத்திருக்கிறார். நூறு வண்டி விற்றவர் ஒரு சரக்குப் பெட்டி நிறைய பாகங்களை வாங்கி முடக்கி வைப்பாரா? மாட்டார். பாகம் தாமதமாகிறது என்ற பேச்சு பரவுகிறது, விற்பனை குறைகிறது, விற்பனை குறைந்ததால் பாகம் இன்னும் குறைவாக வருகிறது. கடைசியில் ஒப்பந்தம் முறிகிறது. பெயர் வேறொருவர் கைக்குப் போகிறது. புதியவருக்குப் புது வண்டி விற்பதில் உள்ள அக்கறை பழைய வண்டியின் முகவிளக்கில் இருக்குமா? பிரிட்டனைப் போலப் பல பெயர்களுக்குள் ஒரே இன்ஜின் இருந்தாலாவது பிழைக்கலாம். இங்கே வந்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி.

பெரிய கம்பெனிகள் இந்தப் பாடத்தைச் சீக்கிரம் படித்துவிட்டன. அவை வண்டியை இறக்குமதி செய்வதை விட்டுப் பெயரை இறக்குமதி செய்கின்றன. 2018 நவம்பரில் ஜாவா திரும்பி வந்தபோது அது மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தயாரானது. ஹோண்டா 2020இல் ஹைனெஸ் சிபி350ஐ இங்கேயே செய்தது. 2023 ஜூலையில் ஆங்கிலேயப் பெயரான டிரையம்ப்பின் ஸ்பீடு 400, பஜாஜின் சாகன் தொழிற்சாலையிலிருந்து ரூ. 2.33 லட்சம் விலையில் வந்தது. அதே மாதம் ஹீரோ தயாரித்த ஹார்லி டேவிட்சன் எக்ஸ்440. பிரிட்டனின் பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டாரே மகிந்திராவின் துணையோடு பீதம்பூரில் தயாராகி, 2021 டிசம்பரில் பிரிட்டனில் முதலில் அறிமுகமானது. இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில்தான் வந்தது. ராயல் என்ஃபீல்டு 2024-25இல் விற்ற வண்டிகள் பத்து லட்சத்தைத் தாண்டின. அதில் ஒரு லட்சத்துக்கு மேல் ஏற்றுமதி.

அரசும் ஒரு கோடு போட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, மேல்வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. கிளாசிக் 349 சி.சி., ஹைனெஸ் 348 சி.சி.; இரண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம். இம்பீரியேலின் 374 சி.சி. இன்ஜினும் டிரையம்ப்பின் 398 சி.சி. இன்ஜினும் அந்தப் பக்கம். 25 சி.சி. வித்தியாசத்துக்கு 22 சதவீத வரி வித்தியாசம்! சின்ன வண்டிக்கு இது நல்ல சேதிதான். ஆனால் உள்ளூர்ச் சின்ன வண்டிக்கும் அதே சலுகை உண்டு என்பதால் இறக்குமதியாளரின் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் வெளிநாட்டு வண்டியே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடலாமா? கூடாது. கதவு சாத்தியிருந்த காலத்தில் புல்லட் எப்படி இருந்தது என்பது அதை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். நிறுத்திய இடத்தில் எண்ணெய்ப் பொட்டு வைக்காத புல்லட் அபூர்வம். ஐஷர் குழுமம் 2000 வாக்கில் அந்தக் கம்பெனியை மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை இருந்தது. போட்டி வந்த பிறகு இன்ஜின் மாறியது, தரம் மாறியது. இன்று 350 சி.சி. வாங்குகிறவருக்கு நாலைந்து நல்ல வண்டிகள் இருக்கின்றன என்றால் அது போட்டியின் புண்ணியம். இறக்குமதியாளர்களும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கிறார்கள்.

கதவு திறந்திருக்கட்டும். ஆனால் நுழைகிறவரிடம் ஒரு உத்தரவாதம் கேட்கப்பட வேண்டும். புகை விடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்து அனுமதி தரும் அரசு, இந்த வண்டிக்குப் பத்து ஆண்டுகள் பாகம் கிடைக்குமா என்றும் கேட்கலாமே? 'பழுதுபார்க்கும் உரிமை' என்று மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு தளத்தையே தொடங்கியது. பாகங்கள் எங்கே, யாரிடம் பழுது பார்க்கலாம் என்ற தகவலைக் கம்பெனிகள் அங்கே தர வேண்டும் என்பது நோக்கம். நல்ல தொடக்கம். ஆனால் கடையை மூடிவிட்டுப் போகும் இறக்குமதியாளரைத் தகவல் பலகை கட்டுப்படுத்தாது. விற்ற வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு வைப்புத் தொகை வாங்கி வைத்தால், போகிறவர் பாகங்களை ஒப்படைத்துவிட்டுப் போவார். வங்கியில் கடன் வாங்குகிறவரிடம் ஜாமீன் கேட்பது நமக்குப் புதிதல்லவே.

அது வரும்வரை வாங்குகிறவர் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான். ஷோரூமில் வண்டியின் அழகைப் பார்த்துவிட்டு, நேராக உதிரி பாக கவுன்டருக்குப் போங்கள். கிளட்ச் கேபிள், முன் பிரேக் பேட், பிரேக் லீவர், இன்டிகேட்டர், முகவிளக்கு இந்த ஐந்தையும் கேளுங்கள். 'ஆர்டர் போட்டால் வரும்' என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். 'இதோ இருக்கிறது' என்று எடுத்துக் காட்டினால் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை இதற்கு முன் யார் விற்றார்கள், ஏன் விட்டார்கள் என்று விசாரியுங்கள். இதே இன்ஜின் இங்கே விற்கும் வேறு வண்டியிலும் இருக்கிறதா என்பது முக்கியம்; இருந்தால் கொஞ்சம் தைரியம் கொள்ளலாம். டயர் அளவு சாதாரணக் கடையில் கிடைக்கும் அளவுதானா? அடுத்த சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டர்? மாற்றலாகிப் போகும் உத்தியோகம் என்றால் போகிற ஊரில் இருக்கிறதா? மூன்று ஆண்டு ஓடிய அதே வண்டியை விற்க ஒருவர் கிடைத்தால் அவரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். விளம்பரப் புத்தகம் சொல்லாததை எல்லாம் அவர் சொல்வார்.

இத்தனைக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஊரில் எல்லாரிடமும் இல்லாத வண்டியில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போவது ஒரு தனி சுகம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பதில் கிடைக்காவிட்டால், திங்கட்கிழமைக் காலையில் ஆபீசுக்கு எதில் போவது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.